நாளைக்குக் காலை நாலு மணி

ஜூன் 5, திங்கள்

இன்று இரவு பத்து மணிக்கு வேலையில் சேர்கிறேன். அறுபத்தெட்டு வயதில் இது என் முதல் வேலை. திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள ஹோட்டல். நான்கு மாடி, நாற்பத்திரண்டு அறை. இரவு ரிசப்ஷனை நான் பார்த்துக்கொள்ள வேண்டும், பத்திலிருந்து காலை ஏழு வரை. விமான நிலையம் பக்கம் என்பதால் வெளிநாட்டுக்காரர்கள் அகாலத்தில் வருகிறார்களாம். இலக்கணத்தோடு ஆங்கிலம் பேசும் ஆள் இரவுக்குக் கிடைப்பதில்லை என்று மேனேஜர் தமிழ்ச்செல்வன் சொன்னார். கான்வென்டில் படித்தது ஐம்பது வருடம் கழித்து ஒருவருக்குப் பயன்படுகிறது.

ஒரு மாதம் பார்ப்பார்கள். ஜூலை 4 அன்று நிரந்தரம் செய்வார்கள், அல்லது போகச் சொல்வார்கள். மகள் ஜாக்குலினிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். நிரந்தரமாகாவிட்டால் பொன்மலைப்பட்டி வீட்டைப் பூட்டிவிட்டு ஓசூரில் அவளோடு போய் இருப்பேன். அங்கே எனக்கு அறை தயாராக இருக்கிறதாம். திரைச்சீலை வாங்கியாயிற்றாம், ரோஸ் நிறத்தில். என்னைக் கேட்கவில்லை.

என் கணவருடைய ரயில்வே பென்ஷன் எனக்குப் போதும், பிறகு எதற்கு இந்த வயதில் வேலை என்று கேட்டாள். இரவில் எப்படியும் தூக்கம் வருவதில்லை, விழித்திருப்பதை எங்கேயாவது உபயோகமாகச் செய்யலாம் என்றேன். அப்பாவையே நினைத்துக்கொண்டிருக்காதே, நீ தூங்கிக்கொண்டிருந்தாய், உனக்கு எப்படித் தெரியும் என்றாள். அவர் இறந்ததிலிருந்து எட்டு மாதமாக இதையே சொல்கிறாள். போனில் சத்தம் சரியாகக் கேட்கவில்லை. வைத்துவிட்டேன்.

ஜூன் 6, செவ்வாய்

முதல் இரவு முடிந்தது. இனி தினமும் காலையில் வீடு வந்து, குளித்து, எழுதிவிட்டுப் படுப்பது என்று முடிவு செய்திருக்கிறேன்.

மெரூன் நிறப் புடவை கொடுத்திருக்கிறார்கள். பாலியஸ்டர். மடிப்பு நிற்காது. நெஞ்சில் குத்திக்கொள்ளும் பெயர்ப் பட்டையில் 'சிசிலி' என்று இருக்கிறது. என் பெயர் செசிலி. மாற்றித் தரும்படி சொன்னேன். சிசிலியும் நல்லாத்தான இருக்கு மேடம் என்றார் மேனேஜர்.

இரவு முழுக்க பதினொரு பேர் வந்தார்கள். அதில் நான்கு பேர் என் முகத்தை நேராகப் பார்த்துவிட்டு, யாரும் இல்லையா என்று கேட்டார்கள். நான் இருக்கிறேன் என்றேன். அதற்குப் பிறகும் ஒருவர் எட்டி உள்ளே பார்த்தார்.

என்னோடு இரவில் இருக்கும் ரூம் பாயின் பெயர் துரைக்கண்ணு. வயது ஐம்பத்திரண்டு. பேரன் இருக்கிறான். இவரை எப்படி பாய் என்று கூப்பிடுவது? பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன் என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்திருக்கிறார். நான் டீச்சர் அல்ல, எந்தப் பள்ளியிலும் வேலை பார்த்ததில்லை என்றேன். "பாத்தா தெரியலையே டீச்சர்" என்றார்.

ஜூன் 7, புதன்

கால் வீங்கியிருக்கிறது. பின்னால் நாற்காலி இருக்கிறது. ஆள் வரும்போது உட்கார்ந்திருக்கக் கூடாதாம்.

ஜூன் 10, சனி

ரெஜிஸ்டரைப் பற்றி மேனேஜரோடு தகராறு. நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு, இரண்டு மணிக்கு வருகிறவர்களுக்கு எல்லாம் முந்தின நாள் தேதியைப் போட்டு வைத்திருக்கிறார்கள். எனக்கு முன்னால் இருந்தவர் செய்த வேலை. பதினேழு வரிகளில் சிவப்பு மையால் திருத்தினேன். தமிழ்ச்செல்வன் தலையில் கையை வைத்துக்கொண்டார். ஹோட்டலுக்கு விடிந்தால்தான் நாள் மாறும், அதுதான் வழக்கம் என்றார். பன்னிரண்டு அடித்தால் நாள் மாறும், உலகம் முழுக்க அதுதான் வழக்கம் என்றேன். அவர் என் திருத்தத்தைத் திருத்தச் சொல்லிப் பகல் ஆளிடம் கொடுத்துவிட்டார். நான் எழுதும் வரிகளை நான் சரியாகவே எழுதுவேன்.

ஜூன் 12, திங்கள்

நேற்று விடுமுறை. காலையில் பூசைக்குப் போனேன். இரவு பத்தரைக்குப் படுத்தேன். ஒன்றரைக்கு எழுந்து சமையலறை விளக்கைப் போட்டு, இரண்டு கிலோ உளுந்தில் கல் பொறுக்கினேன். கல் இல்லை. கடையில் சுத்தம் செய்ததுதான். விடிந்துவிட்டது.

ஜூன் 15, வியாழன்

மூன்றாவது மாடியில் ஒரு ஜெர்மன்காரர் ஏ.சி. சத்தம் போடுகிறது என்று இரவு பன்னிரண்டரைக்குக் கத்திக்கொண்டு வந்தார். அறை மாற்றிக் கொடுத்து, குரலை உயர்த்தாமல் அவரையும் தாழ்த்தச் சொன்னேன். காலையில் போகும்போது மேனேஜரிடம் என்னைப் பற்றி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். என்ன எழுதினார் என்று பார்த்தேன். 'தன் பாட்டியை நினைவூட்டினார்' என்றிருந்தது. அவருக்கே அறுபது வயது இருக்கும்.

லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஒரு கல்யாணக் கூட்டம் ரிசப்ஷனில் வெற்றிலை எச்சிலைத் தொட்டியில் துப்பிவிட்டுப் போனது. தொட்டியில் இருப்பது செடி என்று சொன்னேன். அதான் உரம் என்றார் ஒருவர்.

ஜூன் 20, செவ்வாய்

தமிழ்ச்செல்வன் சொன்னார், இரண்டு வாரத்தில் ஒரு புகார்கூட வரவில்லை, இப்படியே போனால் ஜூலை நான்கில் ஆர்டர் வந்துவிடும் என்று. ஜாக்குலினுக்குப் போன் செய்து சொன்னேன். அவள் குரலில் சந்தோஷம் இல்லை. திரைச்சீலையைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று பார்க்கச் சொன்னேன்.

ஜூன் 21, புதன், காலை

நான் எழுதியதில் தவறு இல்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன்.

நேற்று இரவு பத்தே முக்காலுக்கு ஓர் அம்மாள் வந்தார். பெயர் வள்ளிக்கண்ணு, வயது அறுபத்தொன்று, ஆவுடையார்கோவில் பக்கம் ஒரு கிராமம். அண்ணன் மகன் கொண்டுவந்து விட்டுவிட்டுக் கடைசி பஸ்ஸுக்கு ஓடிவிட்டார். அறை 304. மலேசியாவில் இருக்கும் மகளுக்குப் பிரசவம், அதற்காகப் போகிறார், முதல் தடவை. இதையெல்லாம் நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னார். இன்னும் ஒரு வேண்டாத பேச்சும் பேசினார். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

நள்ளிரவு பன்னிரண்டு இருபதுக்கு அறையிலிருந்து போன் செய்தார். "நாளைக்குக் காலைல நாலு மணிக்கு எழுப்பிவிட்டுருங்கம்மா, எனக்கு செல்லுல மணி வைக்கத் தெரியாது" என்றார். நாளைக்கா என்று கேட்டேன். ஆமாம், நாளைக்குத்தான் என்றார். பன்னிரண்டு இருபது என்றால் தேதி இருபத்தொன்று. நாளை என்றால் இருபத்திரண்டு. எழுப்பும் நோட்டில் 'ஜூன் 22, 4.00, அறை 304' என்று எழுதினேன். மணி, தேதி, அறை எண், மூன்றும் தெளிவாக இருக்கிறது. இந்த நோட்டில் இதற்கு முன் யாரும் தேதியே எழுதியதில்லை.

காலை ஆறே முக்காலுக்கு அந்த அம்மாள் தலை கலைந்து, பையை இழுத்துக்கொண்டு படியில் இறங்கி வந்தார். ஏழு பத்துக்கு விமானம். இன்று.

நான் கேட்டுத்தான் எழுதினேன். அவர் இன்றைக்கு என்று சொல்லியிருந்தால் இன்றைக்கு என்று எழுதியிருப்பேன். வார்த்தைக்கு ஓர் அர்த்தம்தானே இருக்க முடியும்?

தூக்கம் வரவில்லை. துணி துவைக்கப் போகிறேன்.

ஜூன் 21, மாலை

தமிழ்ச்செல்வன் மூன்று மணிக்கு வரச் சொன்னார். அண்ணன் மகன் ஊரிலிருந்து திரும்பி வந்து சத்தம் போட்டிருக்கிறார். ஹோட்டல் எழுப்பாததால்தான் விமானம் போயிற்று, ஹோட்டல்தான் வேறு டிக்கெட் போட்டு அனுப்ப வேண்டும் என்கிறார். நாளைக் காலை விமானத்தில் இடமில்லை. அதற்கடுத்த நாள்தான் இருக்கிறது. மகளுக்கு ஆபரேஷன் நாளைக் காலை. நாள் குறித்துவிட்டார்கள், தள்ளிவைக்க முடியாதாம்.

நான் திட்டு வாங்கத் தயாராகத்தான் போனேன். தமிழ்ச்செல்வன் எழுப்பும் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சிரித்தார்.

"மேடம், நீங்க தேதி போட்டு எழுதுனதுதான் இன்னைக்கு நம்மளக் காப்பாத்துது. கெஸ்ட் நாளைக்குன்னு சொன்னாங்க, நான் திருப்பிக் கேட்டேன், நாளைக்குத்தான்னாங்கன்னு அப்படியே ஒரு பேப்பர்ல எழுதி கையெழுத்துப் போட்டுக் குடுங்க. போதும். தப்பு அவங்களோடது."

அவர் சொல்வது ஒவ்வொரு சொல்லும் உண்மை.

பிறகு, ஜூலை நான்கு வரை காத்திருக்க வேண்டாம், முதலாளியிடம் பேசிவிட்டேன், அந்தக் காகிதம் வந்ததும் நிரந்தர ஆர்டர் தந்துவிடுகிறேன் என்றார். நாளைக் காலை ஏழு மணிக்கு வேலை முடித்துப் போகும்போது கொடுத்தால் போதும்.

வீட்டுக்கு வந்து எழுதினேன். ஆறு வாக்கியம். ஒரு சொல்கூட மிகையில்லை. கையெழுத்துப் போடவில்லை, அங்கே போய்ப் போட்டுக்கொள்ளலாம்.

ஜூன் 22, வியாழன்

நேற்றுக் காலை எழுதியதில் இரண்டு விஷயங்களை விட்டுவிட்டேன். மூன்று.

ஒன்று, அந்த வேண்டாத பேச்சு. வந்த அன்று இரவு ரெஜிஸ்டரில் கைநாட்டா கையெழுத்தா என்று நான் கேட்டதற்கு வள்ளிக்கண்ணு அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏந்த்தா, ஒங்களுக்குப் புள்ளைக இல்லையா? இந்த வயசுல ராவெல்லாம் கால்கடுக்க நிக்க விட்டுருக்காகளே" என்றார். சோபாவில் சிமெண்ட் கம்பெனி ஆட்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கும் கேட்டது. கையெழுத்து என்றால் இங்கே போடுங்கள் என்றேன்.

இரண்டு, அதே ரெஜிஸ்டரில் அறையைக் காலி செய்யும் தேதி ஜூன் 21 என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். அந்த அம்மாள் போன் செய்தபோது அந்தப் பக்கம் என் முன்னால் திறந்துதான் கிடந்தது.

மூன்று, துரைக்கண்ணு. நேற்று விடியற்காலை நாலு மணிக்கு அவர் வந்து, 304 அம்மாவை எழுப்பணுமே, பெட்டியை இறக்கட்டுமா என்று கேட்டார். நோட்டில் நாளைக்கு என்று இருக்கிறது என்றேன். "தூங்கப் போறவங்களுக்கு தூங்கி எந்திரிச்சாத்தான டீச்சர் நாளைக்கு" என்றார். நோட்டை அவர் பக்கம் திருப்பி, படியுங்கள் என்றேன். அவர் படிக்கவில்லை. போய்விட்டார்.

இப்போது நேற்று இரவு நடந்ததை எழுதுகிறேன்.

பத்து மணிக்கு வேலைக்குப் போனேன். காகிதம் கைப்பையில் இருந்தது. துரைக்கண்ணு தேவைக்கு மேல் பேசவில்லை, டீச்சர் என்றும் கூப்பிடவில்லை. நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, வழக்கம்போல எழுப்பும் நோட்டைத் திறந்தேன். ஒரே வரிதான் இருந்தது. ஜூன் 22, 4.00, அறை 304. என் கையெழுத்து. விமானம் போய் ஒரு நாள் ஆகிவிட்டது. ஆள் அதே அறையில் இருக்கிறார். நோட்டின்படி இப்போது நான் அவரை எழுப்ப வேண்டும்.

துரைக்கண்ணு எதிரே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போனை எடுத்தேன், வைத்துவிட்டேன். ரிசப்ஷனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் படியேறினேன். லிஃப்ட் இன்னும் சரியாகவில்லை. மூன்று மாடி. 304-இல் கதவுக்கடியில் வெளிச்சம் தெரிந்தது. தட்டியதும் திறந்தார். புடவை மாற்றித் தலைவாரிக் கட்டிலில் செல்லை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். அங்கே விடிந்துவிட்டதாம், நம் கணக்குக்கு ஐந்தரை மணிக்கு மகளை உள்ளே கொண்டுபோவார்களாம்.

என்ன சொல்லப் போனேன் என்று எனக்குத் தெரியவில்லை. மன்னிப்பு என்பதற்கு நல்ல தமிழில் நாலைந்து வாக்கியம் படியேறும்போது தயார் செய்திருந்தேன். அவர் என்னை நிற்கவைத்தே கேட்டார்.

"நேத்து நாலு மணிக்கு நீங்க முழிச்சுத்தான இருந்தீக?"

ஆமாம் என்றேன்.

"முழிச்சுத்தான இருந்தீக" என்றார் மறுபடியும். அது கேள்வி இல்லை. கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

இருந்த ஒரே நாற்காலியில் பெட்டி இருந்தது. அதை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். ரிசப்ஷனை விட்டு ஐந்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நடுவில் அவர் ஒரே ஒருமுறை பேசினார். உள்ளே போகும்போது வாசலில் நிற்கிறேன் என்று மகளிடம் சொல்லியிருந்தாராம். அவள் சின்ன வயதிலிருந்தே ஊசிக்குப் பயப்படுவாளாம். ஆறு பத்துக்குப் போன் வந்தது. பெண் குழந்தை. அவர் செல்லைக் காதில் வைத்தபடி சுவரைப் பார்த்து அழுதார். நான் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். வாங்கி அப்படியே வைத்துவிட்டார்.

கீழே வந்து, கைப்பையில் இருந்த காகிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். 'விருந்தினர் நாளைக்கு என்று சொன்னார். அவர் எந்தக் காலையைச் சொன்னார் என்பது எனக்குத் தெரியும்படியாகவே இருந்தது. காலி செய்யும் தேதி என் முன்னால் இருந்தது. சக ஊழியர் நாலு மணிக்கு நினைவூட்டினார், நான் கேட்கவில்லை. எழுப்பாதது என் தவறு.' கையெழுத்துப் போட்டு ஏழு மணிக்குக் கொடுத்தேன்.

தமிழ்ச்செல்வன் படித்தார். திரும்பவும் படித்தார். "மேடம், உங்கள யாரு இவ்வளவு எழுதச் சொன்னா?" என்றார். பிறகு, முதலாளி இதைப் பார்த்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். டிக்கெட்டை ஹோட்டல்தான் போட்டாக வேண்டும். நான் இன்று இரவிலிருந்து வர வேண்டியதில்லை. பெயர்ப் பட்டையைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

துரைக்கண்ணு வாசல்வரை வந்தார். "அவசரப்பட்டுட்டீங்க டீச்சர்" என்றார்.

ஜூன் 23, வெள்ளி

காலை ஆறு மணிக்குத் துரைக்கண்ணு போன் செய்தார். வள்ளிக்கண்ணு அம்மாள் விமான நிலையம் போய்விட்டாராம். நாலு மணிக்கு எழுப்பப் போனால், அவர் படுக்கவே இல்லையாம்.

ஜூன் 25, ஞாயிறு

ஜாக்குலினிடம் நேற்றுவரை சொல்லவில்லை. பூசை முடிந்து வந்து போன் செய்தேன்.

வேலை போய்விட்டது என்றேன். அவள் உடனே எந்த ரயில் என்று கேட்டாள். அடுத்த சனிக்கிழமை மாப்பிள்ளையை அனுப்பட்டுமா என்றாள். வாக்குக் கொடுத்தது நான்தான். நிரந்தரமாகாவிட்டால் வருகிறேன் என்றுதான் சொல்லியிருந்தேன். மாதம் முடியவில்லை, நிரந்தரமாகவில்லை என்று இன்னும் யாரும் எழுதித் தரவில்லை என்று வாதாட இடமிருந்தது. ஒரு நிமிடம் அதை யோசித்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

"எனக்கு அங்க வரப் பிடிக்கல ஜாக்குலின்" என்றேன்.

ஏன் என்று அவள் கேட்பதற்குள் மீதியையும் சொன்னேன்.

"அப்பா போன ராத்திரி நான் தூங்கல. ஒன்றரை மணிக்கு நெஞ்சு ஒரு மாதிரி இருக்குன்னார். வாயுவாத்தான் இருக்கும், காலைல பாத்துக்கலாம்னேன். அன்னைக்கு சாயங்காலம் எங்களுக்குள்ள ஒரு சண்டை. நான் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டேன். முழிச்சுத்தான் இருந்தேன். அவர் மூச்சு விடற சத்தம் கேட்டுட்டேதான் இருந்தது. அப்புறம் கேக்கல. தூங்கிட்டார்னு நெனச்சேன்."

நீ தூங்கிக்கொண்டிருந்தாய் என்று அவள் சொல்லாமல் இருந்தது இதுவே முதல் தடவை. இணைப்பு துண்டானது. அவளே துண்டித்தாளா என்று தெரியவில்லை. நாற்பது நிமிடம் கழித்துக் கூப்பிட்டாள். மூக்கு அடைத்திருந்தது.

"என்ன சண்டைம்மா?"

"மோர்ல உப்பு இல்லைன்னார்."

அவள் சிரித்தாளா அழுதாளா என்பது போனில் புரியவில்லை. பிறகு, ஓசூரில் எட்டு மாதமாக அவளும் ராத்திரி எழுந்து உட்கார்ந்துவிடுகிறாள் என்றாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. அடுத்து என்ன செய்யப்போகிறாய் என்றாள். வேலை தேடப்போகிறேன் என்றேன். ராத்திரி வேலையா என்றாள். ராத்திரி வேலைதான். வருஷத்துக்கு இரண்டு தடவை ஓசூருக்கு வந்து பத்து நாள் இருப்பேன் என்றேன். பதினைந்து என்றாள். பன்னிரண்டில் முடிந்தது.

ஜூன் 28, புதன்

ஜங்ஷன் பக்கம் இரண்டு ஹோட்டல்களில் கேட்டேன். ஒன்றில் வயதைக் கேட்டுவிட்டு உட்காரக்கூடச் சொல்லவில்லை. இன்னொன்றில் காலையில் பாத்திரம் கழுவ ஆள் தேவை, வருகிறீர்களா என்றார்கள்.

ஜூலை 1, சனி

கன்டோன்மென்டில் ஒரு லாட்ஜ். இருபது அறை, லிஃப்டே கிடையாது. இரவுக்கு ஆள் வேண்டும் என்று வாசலில் அட்டை தொங்கியது. உள்ளே மேசையில் நடுவயதுக்காரர் ஒருவர், மூக்கின் நுனியில் கண்ணாடி. ஒரு படிவத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்னார். பெயர் செசிலி இன்னாசிமுத்து. முன் அனுபவம் என்ற இடத்தில் பதினைந்து இரவுகள் என்று எழுதினேன். கடைசி வேலையை விட்ட காரணம் என்று ஒரு கோடு இருந்தது. விழித்திருந்தும் ஒரு விருந்தினரை எழுப்பவில்லை என்று எழுதினேன்.

அவர் வாங்கிப் படித்தார். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"இதயெல்லாமா எழுதுவாங்க? எல்லாரும் சொந்தக் காரணம்னுதாம்மா போடுவாங்க. அடிச்சுட்டு அப்படிப் போட்டுருங்க."

பேனாவை என் பக்கம் நீட்டினார். சொந்தக் காரணம் என்று எழுதியிருந்தாலும் அது பொய்யாகாது. ஆனாலும் அடிக்க மனம் வரவில்லை. அப்படியே இருக்கட்டும் என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன்.

அவர் படிவத்தை மடித்து இழுப்பறையில் போட்டார். திங்கட்கிழமை இரவு ஒன்பதரைக்கு வரச் சொன்னார்.